பெட்டிக்கு ஒரு நாற்காலி

இளையவளை ஆலை டாக்டர் நடக்கச் சொன்னார்.

காலில் ஆறாத புண்ணோடு ஒன்பது மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, அவர் அறைக்கு வெளியே இன்னும் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே போனவளைப் பார்த்துத்தான், "தினமும் அரை மணி நேரம் நடங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். சொன்னதோடு நிற்காமல், பளபளவென்று அச்சடித்த தாள் ஒன்றையும் கையில் கொடுத்தார். அதில் ஒரு பெண் வாய்கொள்ளாச் சிரிப்போடு கைவீசி நடந்துகொண்டிருந்தாள். அவளுக்கு என்ன, காலில் கட்டா போட்டிருக்கிறாள்?

கூடப் போயிருந்த மூத்தவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"டாக்டர், நாங்க நடக்கறதுக்கு வழி கேட்டு வரல. உட்கார்றதுக்கு ஒரு கடிதம் கேட்டுத்தான் வந்தோம். கிழிசல் மேசையில ரெண்டு இடம் காலியா இருக்கு. உங்க கையெழுத்து இருந்தா இவளை அங்க மாத்திடுவாங்க."

டாக்டர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "அதுக்குத்தான்மா சொல்றேன். சுகாதார அலுவலகத்திலேர்ந்து அறிக்கை வந்திருக்கு. உங்க தெருப் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா ஒன்பது மணி நேரம் அசையாம உட்கார்ந்திருக்கீங்க. கால் வீக்கம், கால் புண்ணுன்னு போன்ல அதிகமா தேடறதும் உங்க தெருதான். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா காரணம் தெரியுதில்ல? இன்னும் உட்கார வெச்சா இன்னும் கெட்டுப்போகும்."

"யாரு உட்கார்ந்திருக்கா?"

"நான் சொல்லலம்மா. உங்க போன் சொல்லுது."

அவர் ஒருமுறை குனிந்து இளையவளின் காலைப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பார்க்கவில்லை.

இந்த இரண்டு பெண்களையும் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். ஓரகத்திகள் என்றால் முறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். இவர்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. பதினோரு வருடமாகச் சலவை ஆலையில் ஒரே விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் வெளுத்து, சூடான உருளைக்குள் புகுந்து, மறுபக்கம் தீப்போல வந்து விழும். அதை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, உதறி, எதிரெதிரே நான்கு அடி நடந்து மூலையோடு மூலை சேர்த்து, மறுபடி நான்கு அடி பின்னால் போக வேண்டும். ஒரு விரிப்புக்குப் போக நாலு, வர நாலு. ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பு. நடுவில் மடித்த அடுக்குகளை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் நடை தனி. உருளைப் பக்கம் வெயில் காலத்தில் நின்றால் உள்ளாடைவரை நனைந்துவிடும். உட்கார அங்கே ஒரு முக்காலிகூடக் கிடையாது. உட்கார்ந்தால் விரிப்பு தரையில் விழும், தரையில் விழுந்தால் மறுபடி வெளுக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்வார். அதுவும் உண்மைதான்.

இளையவளின் இடது கணுக்காலுக்கு மேலே முதலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. அப்புறம் அரிப்பு. அப்புறம் புண். நான்கு மாதமாகக் கட்டு மாற்றிவிடும் நர்ஸ் போன வாரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: "நிக்கறதை நிறுத்தினாத்தான் இது மூடும். அடுத்த மாசமும் இப்படியே வந்தீங்கன்னா என்னால முடியாது, பெரிய ஆஸ்பத்திரிதான்." நிற்பதை நிறுத்துவதென்றால் வேலையை விட வேண்டும், அல்லது கிழிசல் மேசைக்குப் போக வேண்டும். கிழிந்த விரிப்புகளை உட்கார்ந்து தைக்கும் மேசை அது. அங்கே போக டாக்டர் எழுதித் தர வேண்டும். டாக்டரோ நடக்கச் சொல்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மூத்தவளுக்கு வேறொரு முள் குத்திக்கொண்டிருந்தது. இந்தப் போன் விவகாரத்தைத் தெருவுக்குள் கொண்டுவந்ததே அவள்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தாள். நீங்கள் எவ்வளவு நடக்கிறீர்கள், எங்கே போகிறீர்கள், உடம்பைப் பற்றிப் போனில் என்னென்ன தேடுகிறீர்கள் என்பதையெல்லாம் பெயரை எடுத்துவிட்டு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், எந்தத் தெருவில் என்ன நோய் வருகிறது, ஏன் வருகிறது என்று முன்கூட்டியே தெரியும் என்று விளக்கினாள். எதையும் பாடம் நடத்துவதுபோல் சொன்னதால் 'டேட்டா டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூத்தவளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வீடு வீடாக ஏறி இறங்கி, தங்கள் ஷிப்டில் வேலை செய்யும் நாற்பது பெண்களையும் 'சம்மதம்' என்பதை அழுத்த வைத்தாள். நம் காலைப் பற்றி யாராவது கவலைப்படுகிறார்களே என்ற சந்தோஷம் அவளுக்கு.

வீட்டில் அவள் புருஷன், ஆலையின் வேன்காரர், முன்னதாகவே வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். அவர் தொந்தி மடியில் உட்கார்ந்திருந்தது.

"என்ன, கையெழுத்துப் போட்டாரா?"

"போடல. எங்களை நடக்கச் சொல்றார்."

"நடக்கிறது நல்லதுதானே" என்றார் வேன்காரர், ஆபத்து தெரியாமல். "என்னையே எடுத்துக்க. ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் அடி. என் வயசுக்காரங்கள்ல நான்தான் அதிகமா நடக்கிறவன்னு போன்லயே வாழ்த்து அனுப்பியிருக்கான்."

அந்த வாழ்த்து ஒரு மாதமாகத் தெருவையே சுற்றிவந்துவிட்டது. அதைக் காட்டியே அவர் இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது முட்டைக்கு உரிமை வாங்கியிருந்தார்.

மூத்தவள் கைப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க எங்க நடந்தீங்க?"

"அதான் சொல்லுதே..."

"அது சொல்றது இருக்கட்டும். காலையில ஏழு மணிக்கு வேன்ல ஏறி உட்கார்ந்தா நாலு மணிக்குத்தான் இறங்கறீங்க. மூட்டை தூக்கறவன் வேற ஆளு. நீங்க ஒண்ணுக்குப் போகக்கூட வேனை வாசல்வரைக்கும் கொண்டுபோற ஆளு. பதினாலாயிரம் அடி எங்க நடந்தீங்க?"

வேன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். வேனில் போனை எங்கே வைப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். கண்ணாடிக்குக் கீழே ஒரு கயிற்றில் தொங்கும். ஆலைக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள ரோடும் எல்லாருக்கும் தெரியும்.

"குழியில ஆடுனதை எல்லாம் நடைன்னு எண்ணியிருக்கு" என்றாள் இளையவள் மெதுவாக. சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள். மூத்தவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"அப்ப நம்ம போன்?"

அவர்கள் போன் பெட்டியில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி விரிப்புக்குள் மறந்து வைத்த போன் உலர்த்தும் இயந்திரத்துக்குள் போய் வெடித்து, துண்டுக் குவியல் தீப்பற்றிக்கொண்டது. அன்றிலிருந்து கண்டிப்பான சட்டம். ஏழு மணிக்கு வாசலில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நாலு மணிக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். நாற்பது அறை வைத்த மரப்பெட்டி. அறைக்கு ஒரு நம்பர். மூத்தவளுக்குப் பதினேழு, இளையவளுக்குப் பதினெட்டு. பெட்டிச் சாவி வாசற்காரனிடம். அந்த வாசற்காரன் வேறு யாருமில்லை, இளையவளின் புருஷன்.

"ஒன்பது மணி நேரம்" என்றாள் மூத்தவள். "ஏழுலேர்ந்து நாலு. ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தது பெட்டிடீ!"

பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். டேட்டா டீச்சர் கொடுத்த படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: வேலைக்குப் போகும்போது போனை எடுத்துச் செல்வீர்களா? ஆம் போடுங்கடி என்று நாற்பது பேருக்கும் சொன்னவள் அவள். எடுத்துக்கொண்டுதானே போகிறோம்? அதற்குமேல் எங்கே போகிறது என்று படிவம் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

இளையவள் அந்தப் பளபளத் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்தில் 'உங்கள் பகுதி மக்கள் கேட்டவை' என்று நாலைந்து வரி அச்சடித்திருந்தது. அவள் முகம் மாறியதை மூத்தவள் கவனித்தாள். தாளை வாங்கிப் படித்தாள். மூன்றாவது வரி: புண் ஆறலைன்னா காலை எடுத்துடுவாங்களா?

"யாரு, நீயா?"

இளையவள் தலையை ஆட்டினாள். "பேரை எடுத்துட்டாங்கக்கா. ஆனா அது நான் கேட்டதுதான்."

"என்கிட்ட கேக்கலையேடீ."

"உன்கிட்ட கேட்டா நீ அழுவ."

மூத்தவள் அழத்தான் செய்தாள். நன்றாகவே அழுதாள். இவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, இவளிடம் சொல்லாததை அந்தச் சின்னத் திரையிடம் கேட்டிருக்கிறாள். அதை எடுத்து, நடக்கும் பெண்ணுக்குப் பின்னால் அச்சடித்துவிட்டார்கள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டபோது மூத்தவளுக்கு அழுகை போய்க் கோபம் மட்டும் மிஞ்சியிருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே சுகாதார அலுவலகம் போனாள். டேட்டா டீச்சர் எழுந்து நின்று வரவேற்றாள். பெட்டிக் கதையைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வெளிறியது.

"இதை எனக்கு யாரும் சொல்லலையே அக்கா."

"நீ கேக்கலையேம்மா."

"போன் அசையாம இருந்தா ஆள் உட்கார்ந்திருக்காங்கன்னு எடுத்துக்கறதுதான் வழக்கம். மத்த இடத்துல எல்லாம் அது சரியாத்தான் வந்திருக்கு."

"மத்த இடத்துல பெட்டி இருந்திருக்காது. இப்ப மாத்திடு."

டீச்சர் கையைப் பிசைந்தாள். அறிக்கை மேலே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மக்கள் முன்னால் வெளியிடுகிறார்கள். ஒரு வழி இருக்கிறது: நாற்பது பேருக்கும் கணுக்காலில் கட்டும் பட்டை வாங்கி, இரண்டு வாரம் அளந்து, மறுபடி ஆய்வு செய்யலாம். ஆறு மாதத்தில் முடிவு வரும்.

"ஆறு மாசம் அவ கால் தாங்காது" என்றாள் மூத்தவள். "அதோட எனக்கு ஒண்ணு புரியல. இதுவரைக்கும் என் போன் சொன்னதைக் கேட்ட. இனிமே பட்டை சொல்றதைக் கேப்ப. நான் உன் முன்னால நின்னு சொல்றேனே, இதை எந்தக் கணக்குல சேர்ப்ப? சம்மதம்னு அழுத்தினது போன் இல்ல, நான்!"

"ஞாயித்துக்கிழமை வந்து இதைச் சொல்லுங்க" என்று டீச்சர் மெல்லக் கேட்டுக்கொண்டாள்.

சொன்னால் போதுமா? சொன்னால் குறித்துக்கொள்வார்கள். குறித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மூத்தவள் திரும்பும் வழியில் ஆலை வாசலில் நின்றாள். வாசற்காரன் தன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரோரம் வைத்திருந்த பெட்டியின்மேல் காலை நீட்டியிருந்தான். அண்ணியைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டான்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை எனக்கு இந்தப் பெட்டி வேணும்."

"எதுக்கு அண்ணி?"

சொன்னாள். அவனுக்கு வியர்த்துவிட்டது. அவன் பயந்த சுபாவக்காரன். வாசலில் காக்கை உட்கார்ந்தாலும் மேலே கேட்டுவிட்டுத்தான் விரட்டுவான்.

"ஆலைச் சாமான் அண்ணி. வெளிய போச்சுன்னா என் வேலை போயிடும். நீங்க வேற எதைக் கேட்டாலும் செய்றேன்."

"வேற எதுவும் எனக்கு வேண்டாம். நேத்து அவ அந்தத் தாளைப் படிச்சப்ப நீ வீட்ல இல்ல. காலை எடுத்துடுவாங்களான்னு போன்கிட்ட கேட்டிருக்கா, தம்பி. உன்கிட்ட கேட்டாளா?"

அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல" என்றான் கடைசியில்.

"யோசிச்சுக்க. நான் வற்புறுத்தல."

வற்புறுத்தவில்லை என்று அவள் சொன்னால் எப்படி இருக்கும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. கூட்டம் பொது நூலகத்தின் மேல்மாடிக் கூடத்தில். வரிசை வரிசையாக நாற்காலி போட்டு, ஒவ்வொன்றின் மேலும் அந்தப் பளபளத் தாளை வைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஓரமாக ஆலை டாக்டர். மேடையில் சுகாதார அலுவலர், டேட்டா டீச்சர், ஒரு திரை. பெண்கள் குடையை உதறி வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். நாற்பது பேர். ஒருத்தியும் உட்காரவில்லை. சுவரோரமாக வரிசையாக நின்றார்கள்.

"உட்காருங்கம்மா, நாற்காலி நிறைய இருக்கு" என்றார் அலுவலர்.

"பரவால்லங்க" என்றாள் மூத்தவள். "எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் போதும். இந்த வாரத்துக்கு உட்கார்ந்து முடிச்சுட்டோம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தாள். அலுவலருக்குப் புரியவில்லை. டீச்சருக்குப் புரிந்தது, தலையைக் குனிந்துகொண்டாள்.

அலுவலர் பேச ஆரம்பித்தார். திரையில் வண்ண வண்ணமாய்க் கட்டங்கள் வந்தன. இளையவள் சுவரில் சாய்ந்து, எடையை வலது காலுக்கு மாற்றி மாற்றி நின்றாள். கட்டின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. "நீ மட்டும் உட்காருடீ" என்றாள் மூத்தவள் காதோடு. "மாட்டேன்" என்றாள் இளையவள். எதிர்த்துப் பேசாதவள் என்று பெயரெடுத்தவள் அவள். ஆலையில் அவளை 'சரிக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இந்தப் பகுதிப் பெண்கள் சராசரியா ஒன்பது மணி நேரம் உட்கார்ந்த நிலையில..." என்று அலுவலர் சொன்னபோது படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. வேன்காரர் மூச்சிரைக்கப் பின்பக்கமாக ஏறி வந்தார். பெட்டியின் ஒரு முனை அவர் கையில். மறுமுனை தம்பி கையில். மழைக்குக் கிழிசல் விரிப்பு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். வாசற்காரன் யூனிபாரத்தோடு வந்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது, ஆனால் பெட்டியை விடவில்லை.

"எங்க வைக்கணும் அண்ணி?"

"முன்வரிசையில. நடு நாற்காலியில."

வைத்தார்கள். மூத்தவள் விரிப்பை உருவினாள். நாற்பது அறை, நாற்பது நம்பர். ஓரமெல்லாம் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

"ஐயா, நீங்க சொல்ற ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தவங்க இவங்கதான். நாங்க வேலைக்குள்ள போறப்ப போனை இதுல வெச்சுட்டுத்தான் போகணும், அது ஆலைச் சட்டம். இவங்களுக்குக் கால் வீங்கல, புண் வரல. நடக்கச் சொல்றதுன்னா இவங்களைச் சொல்லுங்க. நிக்கறவங்க நாங்க."

அலுவலர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மேடையிலிருந்து இறங்கி வந்து, பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, ஒரு அறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போய்த் திரையை அணைத்தாள்.

"இந்த எண் தப்பு, சார்" என்றாள். "வேலைக்குக் கொண்டுபோற போன் அப்புறம் எங்க இருக்குன்னு கேட்காதது என் தப்பு." பிறகு பெண்களிடம் திரும்பினாள். "நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிக்கறீங்க?"

ஆறு மாதத்தில் அதை யாரும் கேட்டதில்லை. பதில் சொன்னவள் 'சரிக்கா'.

"ஒன்பது மணி நேரம். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம், அதுவும் நின்னுக்கிட்டேதான். என் கால் இது. பெட்டியைப் பார்த்தீங்க, இதையும் பாருங்க." பக்கத்து நாற்காலியின் விளிம்பில் காலைத் தூக்கி வைத்துக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். "டாக்டர், உங்களைத்தான்."

அத்தனை பேர் பார்க்கிறார்கள். டாக்டர் எழுந்து வந்தார். குனிந்தார். பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பழைய ஆளாக இல்லை.

"இதோட எத்தனை நாளா நிக்கறீங்க?"

"நாலு மாசமா. அன்னிக்கு உங்க ரூம்லயும் நின்னேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத மேசை இல்லை. நடக்கும் பெண்ணின் தாளையே கவிழ்த்து, பெட்டியின் மேல்மூடியில் வைத்து எழுதினார்: நிற்கும் வேலை கூடாது, உடனே உட்காரும் வேலை. தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். இளையவள் அதை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்து, நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசற்காரன் போய் அவள் காலடியில் உட்கார்ந்து, கட்டைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தான்.

"நீயும் உட்காருக்கா" என்றாள் இளையவள். "அதான் எழுதிட்டாரே."

மூத்தவள் உட்காரவில்லை. சுவரோரம் பார்த்தாள். ஒருத்தியும் உட்காரவில்லை.

டாக்டர் பேனாவை மூடப் போனார்.

"மூடாதீங்க டாக்டர்" என்றாள் மூத்தவள். "இன்னும் முப்பத்தொன்பது பேர் நிக்கறோம். எழுபத்தெட்டுக் கால் பாக்கி இருக்கு. ஒவ்வொண்ணா குனிஞ்சு பாருங்க."